கத்தி படாத ஓரம்

ஒரு நாவல் நன்றாக இருக்குமா இருக்காதா என்று பார்க்க வேலம்மாள் அதைத் திறக்கவே மாட்டாள். மூடிய புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, தாள்களின் ஓரத்தில் படிந்திருக்கும் அழுக்கைப் பார்ப்பாள். அழுக்கு முதல் முப்பது நாற்பது பக்கத்தோடு நின்றுபோயிருந்தால் புத்தகம் திரும்ப அலமாரிக்குப் போய்விடும். "பாதியில எல்லாரும் எறங்கிட்டாங்க டீச்சர், நான் மட்டும் எதுக்கு ஏறணும்?" என்பாள். கடைசிப் பக்கம் வரை ஒரே சீராகக் கறுத்திருந்தால் அதைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் பதிவு மேஜைக்கு நடந்துவிடுவாள். நானும் அந்தப் புத்தகத்துக்குக் கண் வைத்திருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கடலூர் மஞ்சக்குப்பம் நூலகத்தில் நாவல் பைத்தியங்கள் என்று சொல்லத்தக்கவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். பெண்களில் நானும் அவளும்தான். நான் திருப்பாப்புலியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர், பெயர் ஞானசுந்தரி. புதுப் புத்தகங்கள் வந்தால் முத்திரை குத்தி, முதுகில் எண் எழுதி, அலமாரிக்கு வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை முத்திரை குத்துகிற மேஜையைச் சுற்றி நாங்கள் வட்டமிடுவோம். மீன்கடைப் பூனைகள் தோற்றுப்போகும். ஒரு முறை நான் தேடித் தேடி ஓய்ந்துபோன ஒரு நாவல், எருவும் பூச்சிமருந்தும் பற்றிய விவசாயப் புத்தகங்களுக்குப் பின்னால் படுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று. ஒரு உறுப்பினர் அட்டைக்கு ஒரு புத்தகம்தான் தருவார்கள் என்பதால் அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரத்துக்கு என்று யாரோ சேமித்து வைத்திருந்தார்கள்.

வேலம்மாளை மடக்கிக் கேட்டேன். அவள் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "உங்களுக்குத் தோட்டம் தொரவு ஒண்ணும் இல்லியே, அந்தப் பக்கம் எதுக்கு வந்தீங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் சிநேகம். போட்டியும் அதுபாட்டுக்கு நடந்தது. அவள் மீது எனக்கு வந்த எரிச்சல் அளவுக்கு வேறு யார் மீதும் வந்ததில்லை, அவ்வளவு பிரியமும் வந்ததில்லை.

அவள் கிள்ளைப் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். அப்பா பக்கிரி கடலுக்குப் போகிறவர். சிதம்பரத்தில் அத்தை வீட்டில் தங்கி எட்டாவது வரை படித்திருக்கிறாள். அங்கே உப்பும் புளியும் கட்டி வந்த காகிதத்தையெல்லாம் பிரித்துப் படித்துப் பழகினாளாம். பாதிக் கதையோடு பொட்டலம் முடிந்துவிட்டால் மறுபடி அதே கடைக்கு ஓடுவாளாம், மீதியும் அங்கேதான் இருக்கும் என்று. பதினெட்டு வயதில் கடலூர் முதுநகருக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். மாப்பிள்ளை பூவராகன் சொந்தத்தில்தான். ஆனால் கடலில் கால் வைத்தால் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும் ஜாதகம். அதனால் ஒரு அச்சுக்கூடத்தில் சேர்ந்து பைண்டிங் கற்றுக்கொண்டு, முதுநகர் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் தனியாகக் கடை வைத்திருந்தார். பின்பக்கம் வீடு. நூலகத்தில் கிழிந்துபோகும் புத்தகங்கள் சாக்கில் கட்டி அவரிடம்தான் வரும்.

புத்தகத் தொழில் செய்கிறவனைக் கட்டப்போகிறோம் என்று அவள் ஏக சந்தோஷத்தில் வந்திருக்கிறாள். வந்து பார்த்தால், மனுஷன் ஒரு நாவலைக்கூட முழுசாகப் படித்ததில்லை. புத்தகம் என்றால் அவருக்கு முதுகுதான். தையல் விட்டிருக்கிறதா, பசை பிடிக்குமா, அட்டை வளையுமா, அவ்வளவுதான். கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, அவள் படிப்பதற்கு ஒருநாளும் தடை சொன்னதில்லை. ஆனால் எதைப் பேசினாலும் கையிலிருக்கும் வேலையைப் பார்த்தபடியே பேசுவார். நான் கடைக்குப் போனபோதும் "வாங்க டீச்சர்" என்று கத்தியைப் பார்த்துத்தான் சொன்னார். குழந்தையும் இல்லாத வீடு. இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் ஒரு புத்தக அடுக்கு இருக்கும். அவர் அதைத் தைப்பார், அவள் அதைப் படிப்பாள்.

வேலையில் அவள் கூடமாட உதவுவாள். தாள் மடிப்பாள், நூலுக்கு மெழுகு தேய்ப்பாள். ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை போடுவாள். தைத்து முடித்த புத்தகங்களை அடுக்கி அவர் மூன்று பக்கமும் ஓரம் வெட்டுவார். வெட்டியதும் புத்தகம் புதுசு போலப் பளிச்சென்று வந்துவிடும்.

"நல்லா இருக்கற புஸ்தகம் எது, சப்புன்னு இருக்கறது எதுன்னு இனிமே எனக்கு எப்பிடித் தெரியும்? அழுக்கெல்லாம் வெட்டிப் போட்டுட்டீங்களே!" என்பாள் வேலம்மாள்.

"அழுக்க வச்சிக்கினு என்னா பண்ணுவ?" என்பார் அவர், கத்தியைப் பார்த்து.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. நூலகப் புத்தகத்தில் பேனா பென்சில் படக்கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள். ஆகவே அவள் கட்டைவிரல் நகத்தால் தாளில் அழுத்தி ஒரு பிறை வைப்பாள். ஒரு புத்தகத்துக்கு ஒன்றே ஒன்று. மனசைப் பிடித்துக்கொண்ட வரிக்குப் பக்கத்தில் அது இருக்கும். ஏற்கெனவே படித்த புத்தகம் என்று தெரிந்துகொள்ளவும் அதுதான் அடையாளம். எங்கே வைக்கிறாய் என்று கேட்டால் காட்ட மாட்டாள். "அது என் வூட்டு எடம், நீங்க எதுக்கு எட்டிப் பாக்கறீங்க?" என்று சிரிப்பாள்.

அறுபத்து மூன்றில் பச்சை அட்டையோடு ஒரு நாவல் வந்தது. பெயர் வேண்டாம். உப்பளத்தில் கணக்கெழுதுகிற ஒருவனும் அவன் மனைவி மரகதமும்தான் கதை. அதை அவள் எனக்கு முந்திக்கொண்டு எடுத்துவிட்டாள். திருப்பிக் கொடுத்த அன்றைக்கு, வழக்கமாக இருக்கிற வெற்றிச் சிரிப்பு முகத்தில் இல்லை. "படிங்க டீச்சர்," என்று மட்டும் சொன்னாள். நான் படித்தேன், அழுதேன். ஊரே படித்தது. ஒரு வருஷத்தில் அந்தப் புத்தகம் தாள் தாளாகக் கழன்று தொங்கியது.

அந்த ஒரு வருஷத்தில் வேலம்மாளும் இளைத்துக்கொண்டே வந்தாள். வயிற்றில் வலி என்பாள். கஷாயம் குடிப்பாள். நூலகத்துக்கு வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்பதுதான் பேச்சாக இருக்கும். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டி என்றார்கள். முற்றிவிட்டது என்றார்கள்.

பூவராகன் தினமும் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். அச்சடித்த தாள்களை ஒரு பையில் கொண்டுவந்து மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருப்பார். எனக்குப் பார்க்கவே ஆத்திரமாக இருக்கும். ஆனால் ஒருநாள் கவனித்தபோது, ஒரே தாளைத்தான் மடித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பையிலிருந்த தாள்களை நானே எடுத்து அவர் மடியில் வைப்பேன்.

நான் இருக்கும்போதுதான் வேலம்மாள் அதைச் சொன்னாள்.

"ஏங்க, அந்தப் பச்ச அட்ட புஸ்தகம் இருக்குல்ல, உப்பளத்துக் கத. அதுல ஒரு எடத்துல நகத்தால குறி வச்சிருக்கேன். அத நீங்க படிக்கணும்."

"என்னான்னு நீயே சொல்லேன்," என்றார் அவர், தாளை மடித்தபடி.

"சொன்னா அழுதுடுவேன். நீங்களே படிங்க. அது ஒண்ண மட்டும் படிச்சாப் போதும்."

"சரி, படிக்கறேன். நீ வூட்டுக்கு வா மொதல்ல."

அவள் வீட்டுக்கு வரவில்லை. அந்த வாரமே போய்விட்டாள். முப்பத்திரண்டு வயது. மாலை போட்டு வைக்க ஒரு படம்கூட வீட்டில் இல்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று கல்யாணத்திலேயே மாமியார் தடுத்துவிட்டாராம். எடுக்காமலே குறைந்துபோனது.

காரியம் முடிந்த கொஞ்ச நாளில் நூலகத்திலிருந்து சாக்கு வந்தது. பூவராகன் வேலையில் விழுந்தார். அவருக்கு அது ஒன்றுதான் தெரியும். பைண்டிங்கில் முதல் வேலை பழைய அட்டையைப் பிய்த்து எறிவது. அட்டை போய்விட்டால் எல்லாப் புத்தகமும் ஒரே மாதிரி வெறும் தாள்கட்டுத்தான். தைத்தார், பசை போட்டார், அடுக்கி வைத்து ஓரம் வெட்டினார், காலிகோத் துணி ஒட்டிய அட்டை கட்டினார். எல்லாம் முடிந்து முதுகில் ஒட்டுகிற சீட்டில் பெயர் எழுத முதல் பக்கத்தைப் பிரித்தபோதுதான், கையிலிருப்பது உப்பளத்துக் கதை என்று அவருக்குத் தெரிந்தது.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறார். பிறை இல்லை. வெயிலில் கொண்டுபோய் வைத்துச் சாய்த்துப் பார்த்திருக்கிறார். இல்லை. வெட்டிய கழிவுத் தாள்களைப் பண்ருட்டிப் பொம்மைக்காரர்கள் கூழ் அரைக்க வாங்கிப் போவார்கள். அன்று காலைதான் எடுத்துப் போயிருந்தார்கள். பஸ் ஏறிப் பண்ருட்டிக்கே போனார். தாளெல்லாம் தொட்டியில் ஊறிக் கரைந்திருந்தது.

அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். வாசற்படியில் நின்று, அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

"நானே வெட்டிப் போட்டுட்டேன் டீச்சர். அவ சொல்லிட்டுப் போன ஒரே ஒரு பேச்சு. அதையும் கத்தி வச்சி வெட்டிட்டேன்."

உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்த நாவலைப் படிக்கத் தொடங்கினார். புத்தகத்தை நூலகத்தில் சேர்த்துவிட்டு, தன் பெயரில் உறுப்பினர் அட்டை வாங்கி, அதையே எடுத்தார். எழுத்துக்கூட்டி, விரல் வைத்துப் படிப்பார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. நூலகத்துக்கு வருகிற எங்களிடம் கேட்பார்: "இதுல நீங்க எந்த எடத்துல அழுதீங்க?" தபாலாபீஸ் கோவிந்தசாமி மரகதம் சாகிற இடம் என்றார். பெண்கள் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண் மழையில் பிரிகிற இடம் என்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போய் அந்தப் பக்கங்களைத் திரும்பப் படிப்பார்.

என்னையும் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். மரகதம் ஒரு இடத்தில் புருஷனிடம், 'நான் செத்தால்கூட உங்களுக்கு நாலு நாள் கழித்துத்தான் தெரியும்' என்பாள். அங்கேதான் நான் அழுதேன்.

அவர் முகம் கறுத்துப்போனது. "அதாத்தான் இருக்கும்," என்றார். "என்ன வையறதுக்குத்தான் குறி வச்சிருப்பா. ஆனா அவ வைஞ்சதே இல்லியே டீச்சர். வசவா இருந்தாலும் பரவால்ல, என்னான்னு தெரிஞ்சாப் போதும்."

வருஷம் ஒன்று ஓடியது. அதற்குள் அந்தப் புத்தகத்தைச் சிதம்பரம் கிளைக்கு மாற்றிவிட்டார்கள்; ஊருக்கு ஊர் புத்தகம் மாற்றுவது வழக்கம்தான். கையிலிருந்ததும் போனதில் பூவராகன் பேச்சையே விட்டுவிட்டார். கடைப் பலகையைப் பாதி திறந்து வைத்திருப்பார். உள்ளே இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது.

அப்போதுதான் ஒருநாள், யாரும் தொடாத ஒரு தடிமனான நாவலை எடுத்து வந்தேன். அழுக்கே இல்லாத ஓரம். வேலம்மாள் பார்த்தால் தொட்டிருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே படித்தேன். விறைப்பான புத்தகம், திறந்தால் தானே மூடிக்கொள்ளும். ஒரு இடத்தில் இரண்டு கையாலும் அழுத்திப் பிளந்து வைத்தேன். நடுவில், இரண்டு தாளும் சேருகிற பள்ளத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரல் நகத்தின் பிறை.

அவள் இதையும் படித்திருக்கிறாள். புத்தகத்தோடு பஸ் ஏறி முதுநகர் போனேன். பூவராகனிடம் அந்த இடத்தைப் பிளந்து காட்டினேன். தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"பைண்டர் பொண்டாட்டி," என்றார் மெதுவாக. "கத்தி மூணு பக்கம்தான் போவும்னு அவளுக்குத் தெரியாதா? முதுவுப் பக்கம் போவாதுன்னுதான அங்க வச்சிருக்கா. எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. ஓரம்னா எனக்கு வெட்டற ஓரந்தான்."

"அப்படியானால் உப்பளத்துக் கதையிலேயும் இருக்குமே! நீங்கள் பார்த்தபோது ஏன் தெரியவில்லை?"

"தாள் கழண்டு போயிருந்துச்சின்னு முதுவோரமா அரை வெரல் அகலம் உள்ள தள்ளி இறுக்கித் தச்சிட்டேன். தையலுக்கு அடியில கெடக்குது டீச்சர். வெட்டல. மூடி வச்சிருக்கேன்."

மறுநாள் ஞாயிறு. காலை பாசஞ்சரில் இரண்டு பேரும் சிதம்பரம் போனோம். வழியில் அவள் ஊர்ப் பக்கம், கிள்ளை வந்தபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

கிளை நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் சுப்பிரமணியன் என்று ஒரு வயதானவர். நல்ல மனிதர்தான், ஆனால் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் எந்த நல்ல மனிதர் கொடுப்பார்? நான் வாயெடுப்பதற்குள் பூவராகன் முன்னால் போய்க் கும்பிட்டார்.

"இது நான் கட்டின புஸ்தகங்க. தையல் சரியில்ல. எடுத்துக்கினு போயி மறுபடி கட்டிக் குடுத்துடறேன்."

சுப்பிரமணியன் புத்தகத்தை வாங்கி விரித்தார், ஆட்டினார், முதுகைத் தட்டினார். "நல்லா கெட்டியாத்தானேப்பா இருக்கு? இந்த மாதிரி கட்டு நான் பார்த்ததில்லையே."

"இல்லைங்க," என்றார் பூவராகன். "நான் சரியாத் தைக்கல. எனக்குத் தெரியும்."

தன் தையலைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை அந்த மனுஷன் வாயிலிருந்து வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. சுப்பிரமணியன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

கடலூர் வண்டிக்கு நேரமிருந்தது. வீடுவரை பொறுக்க அவரால் முடியவில்லை. ஸ்டேஷனில் ஆளில்லாத கோடி பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த சின்னக் கத்தியை எடுத்து, தான் போட்ட தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். தாள்கள் விடுபட்டு வந்தன. ஒவ்வொரு தாளாக எடுத்து முதுகோரத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்து என்னிடம் கொடுப்பார்; நான் காற்றில் பறக்காமல் மடியில் அடுக்குவேன். நான் சொன்ன பக்கம் வந்தது. இரண்டு முறை சாய்த்துப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. கோவிந்தசாமியின் பக்கத்துக்கும் போய்ப் பார்த்தார். அங்கேயும் இல்லை. மறுபடி விட்ட இடத்துக்கு வந்து வரிசையாகப் பார்த்தார். யாருமே சொல்லாத ஒரு பக்கத்தில், கதையில் ஒன்றுமே நடக்காத ஒரு இடத்தில், பிறை இருந்தது.

விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தார். உப்பளத்திலிருந்து புருஷன் வருகிறான், கால் கழுவுகிறான், இலை முன்னால் உட்காருகிறான். மனைவியிடம் சொல்கிறான்: 'விளக்குத் திரியைக் கொஞ்சம் தூண்டு, மரகதம். உன் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.'

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் சாப்பிட ஆரம்பித்துவிடுவான். நான் அந்த வரியைப் படித்ததாகவே எனக்கு நினைவில்லை.

பூவராகன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி வந்தது. தாள்களைக் கட்டிக்கொண்டு ஏறினோம். அவர் அழவில்லை; எனக்குத்தான் முன்றானை நனைந்துகொண்டிருந்தது. என்ன கேட்டுவிட்டாள் அவள்? நகையா கேட்டாள், புடவையா கேட்டாள்? அதைக்கூட வாயால் கேட்க முடியாமல், கத்தி போகாத இடமாகப் பார்த்து ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

கிள்ளை வந்தது. இந்த முறை அவர் வெளியே பார்த்தார். வண்டி நகர்ந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், அவ மொகம் எனக்குச் சரியா நெனப்புல இல்ல."

சட்டென்று எனக்குப் புரியவில்லை.

"கையி தெரியும். தாளு மடிக்கற கையி. அது அப்பிடியே கண்ணுல நிக்குது. மொகம் வர மாட்டேங்குது. நீங்க எதிர எதிர ஒக்காந்து பேசினவுங்க. எப்பிடி இருப்பா? சொல்லுங்க."

சொன்னேன். வேறென்ன செய்வது? நெற்றி கொஞ்சம் மேடாக இருக்கும். இடது புருவத்துக்குள் ஒரு தழும்பு, சின்ன வயதில் துடுப்பு பட்டது என்பாள். படிக்கும்போது கீழுதடு மட்டும் அசையும். நல்ல புத்தகம் கையில் சிக்கிவிட்டால் மூக்கு விடைக்கும், அதை வைத்தே நான் கண்டுபிடித்துவிடுவேன். முன்பல் இரண்டும் லேசாக விலகியிருக்கும், அதனால் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள். மோவாயில் ஒரு மச்சம். போட்டிக்காரியை யாரும் அலட்சியமாகப் பார்ப்பதில்லை. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். நான் நிறுத்தும்போதெல்லாம், "அப்புறம்?" என்றார். பரங்கிப்பேட்டை போனது, புதுச்சத்திரம் போனது. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

"அப்புறம்?" என்றார்.